மாப்பிள்ளைகளைக் குளிர வைத்தல்

பேஜா நகர ஹோட்டல் கூடத்தில் என் பெயரைக் கூப்பிட்டபோது முதலில் எழுந்தது என் அம்மா.

"போ, துர்ரா. நீ போகலன்னா நானே போய்ப் பேசிடுவேன்."

அவள் செய்வாள். அதனால் எழுந்தேன்.

சிறு விவசாயிகளுக்கான புதிய யோசனைப் போட்டி. முதல் பரிசு, சூரிய ஒளியில் ஓடும் ஒரு குளிர்ப்பெட்டி. அதே மாதிரி ஒன்றை வாசலில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். உள்ளே வரும்போதே அம்மா அதன் கதவைத் திறந்து தலையை விட்டுப் பார்த்தாள். எங்களுக்கு அது வேண்டும். இந்த வாரமே வேண்டும்.

எங்கள் ஊரான ஜெப்பாவில் அத்திமரங்கள் மலைச்சரிவில் படிப்படியாக நிற்கின்றன. அவை தாமாகக் காய் பிடிப்பதில்லை. காட்டு அத்திக் காய்களைப் பறித்து, நூலில் கோத்து, கிளைகளில் தொங்கவிட வேண்டும். அவற்றுக்குள்ளிருந்து கொசுவைவிடச் சிறிய குளவிகள் மகரந்தத்தோடு வெளியேறி எங்கள் காய்களுக்குள் நுழையும். நுழையாவிட்டால் காய் உதிர்ந்துவிடும். இரண்டு வருடமாக வெயில் முந்திக்கொண்டு காட்டு அத்தியைச் சீக்கிரமே திறந்துவிடுகிறது. மேல் தோட்டத்துக் காய்கள் தயாராகும்போது குளவிகள் பறந்து போயிருக்கும்.

"இந்த வருஷமும் உதிர்ந்தா மேல் தோட்டத்த வித்துடலாம்," என்று அம்மா சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மேடையில் நடுவர்கள் மூன்று பேர். நடுவில் போட்டியை நடத்தும் அமைப்பின் தலைவர் ஸி லஸ்ஹர். அவருக்குப் பக்கத்தில் பேராசிரியை ரஃபீக்கா. நான் பிரெஞ்சில் மனப்பாடம் செய்திருந்த உரையின் முதல் வரி மைக்கைத் தொட்டதும் காணாமல் போனது. வாயில் மிஞ்சியது ஊர்ப்பேச்சு மட்டும்தான். எங்கள் ஊர்ப் பெண்கள் காட்டு அத்தியை மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள்.

"நாங்க மாப்பிள்ளைங்கள ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கோம்," என்றேன்.

பயத்தில் நான் தொடர்ந்தேன்.

"தேவைப்படறப்ப எடுத்து மரத்துல கட்டித் தொங்கவிடுவோம்."

சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி மேடைவரை வந்தது. யாரோ ஒரு பெண்மணி, "என் மருமகனுக்கும் ஒரு இடம் இருக்குமா, பொண்ணே?" என்று கேட்டாள்.

ரஃபீக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உயிரோட இருப்பாங்களா?"

"குளிர்ல தூங்குவாங்க, மதாம். சூடு பட்டா எழுந்துடுவாங்க."

அதன்பிறகு எனக்குப் பேச்சு வந்தது. இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தேன். இரண்டிலும் இருந்தவை ஆற்றோரத்து மரத்தில் ஒரே நாளில் பறித்த காய்கள். ஒரு தட்டில் இருந்தவை வெளியே கிடந்தவை. மற்றவை வீட்டு ஃப்ரிட்ஜில் அம்மா விட்டுக்கொடுத்த ஒரே அடுக்கில் தூங்கியவை. அவற்றைக் காலையிலிருந்து ஜன்னல் வெயிலில் வைத்திருந்தேன்.

ஸி லஸ்ஹர் ஒரு காயை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"கடிக்காதீங்க, ஸி லஸ்ஹர்," என்றாள் அம்மா கீழேயிருந்து. "உள்ள ஒரு குடும்பமே இருக்கு."

அவர் அதை மெல்லப் பிட்டார். மஞ்சள் பொடி பூசிய குளவிகள் அவர் சட்டைக் கையில் ஏறின. மற்ற தட்டுக் காய்களைப் பிட்டுக் காட்டினேன். எல்லாம் வெறும் கூடு.

"அப்போ இந்தப் பறக்கறதுதான் மாப்பிள்ளையா?" என்றார் ரஃபீக்கா.

"இல்ல, மதாம். பறக்கறது பொண்ணுங்க மட்டும்தான். ஆணுக்கு இறக்கையே கிடையாது. உள்ளயே கிடந்து செத்துடும்."

"எங்க வீட்லயும் அதான்," என்றது பின்வரிசை.

முதல் பரிசு எங்களுக்குத்தான். அம்மா நாற்காலிமேல் ஏறிக் குலவையிட்டாள். ஸி லஸ்ஹர் என் கையைக் குலுக்கி, சான்றிதழைக் கொடுத்து, "பெட்டி இலையுதிர் காலத்துல வந்துடும், மகளே. கொஞ்சம் காகித வேலை இருக்கு," என்றார்.

குலவை பாதியில் நின்றது.

மைக் இன்னும் என் கையில் இருந்தது. "அப்போ அது எங்களுக்கு வேண்டாம்," என்றேன். "வேற யாருக்காவது கொடுத்துடுங்க. காயெல்லாம் உதிர்ந்த பிறகு அந்தப் பெட்டிக்குள்ள எத வைக்கறது, இந்தச் சான்றிதழையா?"

அதைச் சொன்னது நான்தான் என்று எனக்கே உறைக்கச் சற்று நேரமானது. ஆனாலும் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"ஸி லஸ்ஹர், வாசல்ல நிக்கறது என்ன?" என்றார் ரஃபீக்கா.

"அது காட்சிக்கு வெச்சது, மதாம்."

"ஓடுமா?"

"ஓடும்."

"அப்போ ஜெப்பாவுல காட்சிக்கு இருக்கட்டும்."

ஸி லஸ்ஹர் கூடத்தைப் பார்த்தார். கூடமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டைக் கையில் மிச்சமிருந்த ஒரு குளவியை ஊதிவிட்டு, "வண்டி இருக்கா?" என்றார்.

எங்களைக் கொண்டுவந்து விட்ட ஊர்க்காரர் அம்மாரின் பிக்கப் வண்டி வெளியே நின்றது. பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினோம். அம்மா பின்னால் ஏறி அதைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துகொண்டாள். நான் முன்னால் உட்கார்ந்து, பக்கத்துத் தோட்டத்து ஹ்லீமா அத்தைக்கு ஃபோன் போட்டேன்.

"சுனைகிட்ட இருக்கற மாப்பிள்ளை மரத்தப் பாருங்க, அத்தை. காய் திறந்துடுச்சா?"

அவர் மூச்சிரைக்க நடப்பது கேட்டது. கிளையை வளைக்கும் சத்தமும் கேட்டது.

"கீழ்க்கிளையில ஒண்ணு ரெண்டு திறந்திருக்கு. மேல எல்லாம் மூடித்தான் இருக்கு. நாளைக்குக் காலைல பறிக்கலாமா?"

"இப்பவே பறிங்க. எல்லாரையும் கூப்பிட்டுக்குங்க. பெட்டி வந்துட்டே இருக்கு."

அவருக்கு நான் உத்தரவு போட்டது இதுதான் முதல் தடவை. அவரும் "சரிம்மா" என்று சொல்லிவிட்டார்.

பின்கண்ணாடியில் அம்மா படபடவென்று தட்டினாள். "அம்மாரக் கேளு, என்ன மாடா மேய்ச்சுட்டுப் போறான்?"

அம்மார் கியரை மாற்றினார்.