ஒன்றாம் திகதி எடுத்த பெட்டி

ஜூலை 2, 2025, புதன்

இன்று ஒரு சிறிய பிழை விட்டேன். பழைய கொம்பியூட்டர் ஒன்றின் பற்றரியை வெட்டி எடுக்க முன், திரையில் இருந்த எண்களை எழுதி வைக்கவில்லை. நான் போகும் கொம்பியூட்டர் திருத்தும் மாலை வகுப்பில் முதல் நாள் சொல்லித் தந்ததே அதுதான்: எதையும் கழற்ற முன் எழுது. வகுப்பில் நான் எழுதுவேன். வீட்டில், ஒருவரும் பார்க்காத இடத்தில், எழுதவில்லை.

ஒழுங்காகச் சொல்கிறேன். நேற்று இந்த ஊரில் எல்லோரும் வீடு மாறும் நாள். ஜூலை முதலாம் திகதி நான் இருக்கும் கார்ட்டியர்வில் தெருக்களில் பாதி வீடு வெளியே கிடக்கும். கொண்டுபோக மனமில்லாததை நடைபாதையில் விட்டுப் போவார்கள். வேண்டியவர் எடுக்கலாம், கேட்கத் தேவையில்லை. பழைய கொம்பியூட்டர் சேர்க்கும் எங்களுக்கு வருடத்தில் அதைவிடப் பெரிய நாள் இல்லை. காலையிலேயே கடைக்குப் போகும் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதலில் ஒரு விசைப்பலகை கிடைத்தது, தட்டினால் சத்தம் போடும் பழைய வகை. ஒரு பிரிண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டேன். பிறகு ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் முன்னால் ஒரு மெத்தை, உடைந்த விளக்கு, கறுப்புப் பைகள், அவற்றின் நடுவே ஒரு சாப்பாட்டுக் கதிரை. கதிரையில் இந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செய்தது, ஒரு கீறல்கூட இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. கட்டடத்தின் வாசல் மணியை அடித்து நான் கேட்கவில்லை. நடைபாதையில் கிடப்பதற்கு யாரும் மணி அடிப்பதில்லை.

இன்று வேலை முடிந்து வந்து திறந்தேன். உள்ளே பற்றரி பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. அதை விட்டால் கசிந்து பலகையைத் தின்றுவிடும். ஒருமுறை இயக்கினேன். அமைப்புத் திரை வந்தது, ஹார்ட் டிஸ்க்கின் விவரம் இருந்தது. நல்லது என்று நினைத்து நிறுத்திவிட்டு பற்றரியை வெட்டினேன். அந்த விவரத்தை இந்த வயதுக் கொம்பியூட்டர் பற்றரியின் பலத்தில்தான் நினைவில் வைத்திருக்கும். இப்போது அதற்கு ஒன்றும் நினைவில்லை.

யாரும் பார்க்கக்கூடிய எங்கள் இணையக் குழுவில் புதன்கிழமைகளில் அந்த வாரம் கிடைத்ததைப் படத்தோடு போடுவோம். நானும் போட்டேன். "கார்ட்டியர்வில் நடைபாதையில் கிடைத்தது. இவ்வளவு சுத்தமாக நான் கண்டதில்லை." படுக்கப் போக முன் அறுபது பேருக்கு மேல் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

ஜூலை 3, வியாழன்

மத்தியானம் படத்தின் கீழே பிரெஞ்சில் ஒரு வரி வந்தது. எழுதியவர் பெயர் றொஷினி. "இது என் அம்மாவுடையது. நாங்கள் எறியவில்லை. இரண்டு நாளாகத் தேடுகிறோம்." கூடவே ஒரு தொலைபேசி இலக்கம்.

முதலில் ஹரிபிரசாத்தைத்தான் அழைத்தேன். அவன் சென்னையிலிருந்து இங்கே படிக்க வந்தவன், அதே குழுவில் இருப்பவன். அவன் ஏற்கெனவே வாசித்திருந்தான்.

"ஆர்த்திகா, நீ திருடியிருக்க. பட்டப்பகல்ல. அதையும் போட்டோ எடுத்து உன் பேரோட போட்டிருக்க. இப்படி ஒரு திருடிய நான் பாத்ததே இல்ல."

"பகிடி விடாதை. என்ன செய்ய?"

"போன் பண்ணு. அழாம பேசு."

அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். நான் போன்ஜூர் சொல்லி, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைப் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினார்.

"பிள்ளை, நீர் தமிழோ?"

"ஓம், அன்ரி."

"பிறகேன் ரெண்டு பேரும் பிரெஞ்சிலை கஷ்டப்படுறம்? எங்கை என்ரை பெட்டி?"

அவர் பெயர் ஞானாம்பிகை. ஒன்றாம் திகதி ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லொங்குய்ய்க்கு வீடு மாறியிருக்கிறார். பாரம் ஏற்றுபவர்கள் கண்டபடி போட்டு உடைப்பார்கள் என்று பெட்டியைத் தானே தூக்கிவந்து கதிரையில் வைத்துவிட்டு, கொம்பியூட்டர்த் திரையை எடுக்க மேலே போனாராம். இறங்கி வர கதிரை மட்டும் இருந்ததாம்.

அவருடைய வேலை சாரிச் சட்டைகளுக்கு எம்பிராய்டரி போடுவது. தைக்கும் இயந்திரம் ஃப்ளொப்பியில் கொடுத்தால்தான் வாசிக்கும். டிசைன்கள் எல்லாம் இந்தப் பெட்டிக்குள். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனி ஒரு கலியாணம், பெண்ணின் தோழிகளுக்கு எட்டுச் சட்டை, எல்லாவற்றிலும் ஒரே டிசைன். ஐந்து முடிந்துவிட்டது.

"மிச்சம் மூண்டும் வேறை மாதிரி வந்தா, கலியாணப் படத்திலை தெரியும், அந்தப் பெட்டையள் என்னைச் சும்மா விடமாட்டினம். இந்தக் கலியாணத்தைப் பாத்துத்தான் மற்ற ஓடர் எல்லாம் வரும். கெதியாக் கொண்டுவாரும்."

சனிக்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னேன். பற்றரியைக் கழற்றினேன் என்றும் சொன்னேன். "பற்றரிதானே, மாத்தலாம்" என்றார். நான் மேலே விளக்கவில்லை. டிஸ்க்கில் ஒட்டிய லேபிளைப் பார்த்து எண்களைத் திரும்பக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அப்போது நம்பினேன்.

ஜூலை 4, வெள்ளி

சரியாகவில்லை.

ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த லேபிளில் மூன்று எண்கள் இருக்கின்றன. டிஸ்க்கை எப்படிப் பிரித்து வாசிக்க வேண்டும் என்று கொம்பியூட்டருக்குச் சொல்லும் எண்கள். அவற்றைக் கொடுத்தேன். டிஸ்க்கைக் காண்கிறது, உள்ளே இருப்பதை வாசிக்கவில்லை. திரும்ப இயக்கினேன். எழுத்துப் பிழையோ என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். லேபிள் சொல்வது ஒன்று, இந்தப் பெட்டியில் முன்பு கொடுத்திருந்தது வேறொன்று. அந்த வேறொன்றைத்தான் நான் புதன்கிழமை பார்த்தேன், எழுதவில்லை.

ஹரி வந்திருந்தான். குழுவில் போட்ட படங்களில் ஒன்றில் அந்தத் திரை இருந்தது. அவன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"சூப்பர். கண்ணாடில உன் மூக்கு தெரியுது. நம்பர் தெரியல."

பிறகு படத்தை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணு சொல்லட்டா? அப்படியே கொண்டுபோய்க் குடுத்துடு. முப்பது வருஷ மெஷின். தானா செத்துடுச்சுன்னு நினைச்சுப்பாங்க. யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க."

"அவ கேக்கமாட்டா. சட்டைக்கு என்ன செய்வா?"

கொம்பியூட்டரைத் தொடக்கும் என்னுடைய ஃப்ளொப்பியையும் கருவிகளையும் பைக்குள் வைத்தேன். நாளைக்குப் போகிறோம்.

ஜூலை 5, சனி

பெட்டியைத் துவாயால் சுற்றித் தள்ளுவண்டியில் வைத்து மெத்ரோவில் கொண்டுபோனோம். பெரி நிலையத்தில் மாறும்போது படிகளில் ஹரி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மஞ்சள் லைனில் ஒருவர் எழும்பி இடம் தந்தார், எனக்கல்ல, பெட்டிக்கு.

ஞானாம்பிகை அன்ரி வாசலிலேயே நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், தலையில் கண்ணாடி, கழுத்தில் அளவு நாடா. வீட்டுக்குள் இன்னும் பிரிக்காத பெட்டிகள். தையல் இயந்திரம் மட்டும் பொருத்தியிருந்தது.

"வாரும். கதிரையிலை எடுக்கலாம் எண்டு ஏதும் எழுதியிருந்ததோ?"

"இல்லை அன்ரி."

"ஒண்டாம் திகதி ரோட்டிலை இருக்கிறது எல்லாம் குப்பையோ? நானும் அதிலை கொஞ்ச நேரம் நிண்டனான். நல்ல காலம், அப்ப நீர் வரேல்லை. என்னையும் வண்டியிலை ஏத்தியிருப்பீர்."

ஹரி சிரித்துவிட்டான். அன்ரி அவனைப் பார்த்தார்.

"இவர் ஆர்? கூட்டாளியோ?"

"நான் தூக்கறதுக்கு மட்டும் வந்தேன் ஆன்ட்டி. திருட்டுல எனக்குப் பங்கில்ல."

தேத்தண்ணி வரமுதல் நான் சொல்லிவிட்டேன். பற்றரியோடு எண்கள் போய்விட்டன, லேபிளில் உள்ளவை சரிவரவில்லை, டிசைன்கள் உள்ளே இருக்கின்றன, ஆனால் இப்போதைக்கு எடுக்க முடியாது, இது என் பிழை. அவர் கதிரையில் இருந்தார். கோபிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"டிசைன் வேறை ஒண்டிலையும் இல்லைப் பிள்ளை. ஃப்ளொப்பி போன கிழமை பழுதாப் போச்சு. இதிலையிருந்து புதுசு எழுதலாம் எண்டுதான் இருந்தனான்."

இந்த டிஸ்க்கை முதலில் யார் போட்டது என்று கேட்டேன். நீக்கிலாப்பிள்ளை என்றார், முன்பு இங்கே கொம்பியூட்டர் திருத்திக்கொண்டிருந்தவர், இப்போது ரொறன்ரோவில். அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"லேபிளோ? லேபிளை ஆர் பாத்தது?" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "அந்த நாள் கொம்பியூட்டருக்குள்ளை ஒரு லிஸ்ட் இருக்கும். நாப்பத்தாறு வகை. டிஸ்க்குக்குக் கிட்டவா வாறதை ஒண்டைத் தட்டிவிடுறது."

"எந்த நம்பர் அண்ணை போட்டனீங்கள்?"

"தங்கச்சி, நேற்று என்ன கறி எண்டு கேட்டாலே நான் யோசிக்கவேணும்."

அவருக்கு அது பகிடி. எனக்கு வழி தெரிந்துவிட்டது. லிஸ்ட் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, ஒவ்வொரு வகைக்கும் அந்த மூன்று எண்களோடு. இந்த டிஸ்க்கைவிடப் பெரிய வகைகளைத் தள்ளிவிட்டால் மீதியை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கலாம். என்னுடைய ஃப்ளொப்பியில் இருந்து தொடக்கி, டிஸ்க்கை வாசிக்க மட்டும் செய்தால், பிழையான எண் கொடுத்தாலும் உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் விசையைத் தட்ட முன் கையை எடுத்துவிட்டு இன்னொருமுறை யோசித்தேன். நான் எண்ணைச் சொல்ல ஹரி எழுதினான், பிறகு நான் தட்டினேன்.

ஒன்றும் வரவில்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததில் திரை நிறையக் கிறுக்கல்.

பிறகு ஒரு எண்ணில் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. அன்ரி எழும்பிவந்து திரையில் விரலை வைத்தார்.

"இதுதான்! அன்னம் எண்டு இருக்கு பாரும். போதும் பிள்ளை, வந்திட்டுது. ஃப்ளொப்பியிலை போடும், நான் தைக்கத் தொடங்கிறன்."

"ஒருக்காத் திறந்து பாப்பம் அன்ரி."

"பேர் சரியாத்தானே இருக்கு?"

"பேர் டிஸ்க்கின்ரை முன்பக்கத்திலை இருக்கும். டிசைன் உள்ளுக்கை இருக்கும். பேர் சரி எண்டா உள்ளுக்கையும் சரி எண்டு இல்லை."

அவருக்கு விருப்பமில்லை. எனக்கும், சொல்லப்போனால், திறக்க விருப்பமில்லை. நம்பிவிடுவது சுகமாக இருந்தது. திறந்தேன். முதல் அன்னத்தின் தலை சரியாக இருந்தது. கழுத்து திரையின் மறு ஓரம்வரை நேர்கோடாகப் போனது. அதற்குப் பிறகு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன.

அன்ரி ஒரு அட்டைப்பெட்டியின் மேல் இருந்துவிட்டார். "இதை மட்டும் தைச்சிருந்தா சட்டை கிழிஞ்சிருக்கும்" என்றார் மெதுவாக. பிறகு, "அப்ப போச்சோ?"

"போகேல்லை. எண்தான் பிழை. தலை வந்திருக்கு, அப்ப கிட்ட வந்திட்டம்."

அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று யோசித்தேன். ஆனால் அது உண்மையும்தான். ஹரி அந்த எண்ணின் பக்கத்தில் "பேர் மட்டும்" என்று எழுதினான். லிஸ்ட்டில் அதற்கு நெருங்கிய அளவுகள் உள்ளவற்றை முதலில் எடுத்தோம். இரண்டாவதில் பெயர்கள் வந்தன. திறந்தேன். அன்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கழுத்து வளைந்து, அலகில் ஆளுக்கொரு தாமரைத் தண்டோடு நின்றன.

அன்ரி அப்போதும் நம்பவில்லை. நல்லது. ஒரு கழிவுத் துணியில் முதலில் தைத்துப் பார்த்தார். இயந்திரம் கடகடவென்று ஓட, மூவரும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். முடித்து வெட்டி, ஏற்கெனவே முடித்த சட்டையின் கைக்கு அருகில் வைத்து, கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பிறகு ஆறாவது சட்டையை வளையத்தில் மாட்டினார்.

நிறுத்தினால் பெட்டி எண்ணை மறுபடி மறந்துவிடும். அதனால் எண்ணை மூடியின் உள்பக்கத்தில் பெரிதாக எழுதினேன். நிறுத்தும் விசைக்கு மேல் கடதாசி ஒட்டி "தொடாதே" என்று பிரெஞ்சிலும் எழுதினேன். றொஷினி தமிழ் வாசிக்கமாட்டாளாம்.

புறப்படும்போது அன்ரி கேட்டார்.

"உம்மடை படத்துக்கு எத்தினை பேர் விருப்பம் போட்டிருக்கினம்?"

"நூற்றுச் சொச்சம் அன்ரி."

"இருபத்தைஞ்சு வருசமா நான் வைச்சிருக்கிறன். எனக்கு ஒருத்தரும் போடேல்லை." சிரித்தார். பிறகு சிரிக்காமல், "அதிலை மாத்தி எழுதும், இது கிடைச்ச சாமான் இல்லை, ஆக்களின்ரை சாமான் எண்டு."

மெத்ரோவிலேயே மாற்றி எழுதினேன். என்ன நடந்தது என்றும் எழுதினேன், பற்றரியையும் விடவில்லை. வீடு வர முன்னரே ஒருவர் கேட்டிருந்தார், அந்த அம்மா விற்பாரா என்று. இல்லை என்று பதில் போட்டேன். அவரைக் கேட்காமலே போட்டேன். அது சரியோ தெரியவில்லை.

நாளை ஞாயிறு: புதிய பற்றரியும் வெற்று ஃப்ளொப்பிகளும் கொண்டு லொங்குய்ய் போக வேண்டும். முதலில் டிசைன்கள் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெட்டியை நிறுத்திப் பற்றரி போடுவது.