கதவு கழற்றிய அலமாரி

தினமும் காலையில் சிதம்பரத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கியதும் செவிலியர் பிரிசில்லா செய்யும் முதல் வேலை, அவசரப் பிரிவின் மூலையில் நிற்கும் கண்ணாடி அலமாரியைத் துடைப்பது. கடலூர் சாலையோரத்திலிருந்த அந்தச் சிறிய அரசு மருத்துவமனைக்கு நான்கு மாதங்களுக்கு முன் வந்த பொருட்கள் அதற்குள் இருந்தன. உள்ளங்கையில் அடங்கும் மூச்சு முகமூடிகள், கையால் அழுத்திக் காற்றூட்டும் சிறிய பை, மூக்கில் பீய்ச்சும் வலிப்பு மருந்து, குழந்தையின் பக்கத்தில் விரித்தால் அதன் உயரத்தை வைத்து மருந்தின் அளவைச் சொல்லும் வண்ண நாடா. எல்லாம் குழந்தைகளுக்கானவை. எல்லாம் பூட்டுக்குள்.

இவற்றைக் கையாள, கடலூரில் ரப்பர் பொம்மைகளை வைத்து மூன்று நாள் பயிற்சி நடந்தது. பல நாடுகளில் குழந்தைகளுக்கென்று தனி அவசரச் சிகிச்சையை அமைத்துக் கொடுத்த பெண் மருத்துவர் ஒருவர் வந்திருந்தார். எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதானாம்: பொருள் கைக்கு வர எத்தனை நொடி ஆகும்? பிரிசில்லா அதைக் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டாள். திரும்பி வந்தபோது, பொருள் அறைப் பொறுப்பாளர் தங்கராசு அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார். முன்பு ஒரு டார்ச் லைட் காணாமல் போய் மெமோ வாங்கியவர். ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்க்கும்வரை ஒரு பொருளும் குறையக்கூடாது என்றார். பிரிசில்லா துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டாள்.

அந்தப் புதன்கிழமை முற்பகலில் தங்கராசு ஒரு கூட்டத்துக்காகக் கடலூர் போயிருந்தார். கடலோரக் குப்பத்திலிருந்து பாண்டியன் பைக்கை வாசற்படிவரை ஓட்டிக்கொண்டு வந்தான். பின்னால் அவன் மனைவி திலகவதியின் மடியில் இரண்டு வயது மகள். காய்ச்சலில் வந்த வலிப்பு வழியெல்லாம் விடவில்லை. இப்போது உடம்பு துவண்டு, உதடு நீலம் பாரித்திருந்தது. வலிப்புக்கு இரும்பு நல்லது என்று வீட்டுச் சாவியைப் பிள்ளையின் கையில் திணித்து, தன் கையால் அந்த முஷ்டியைப் பொத்திப் பிடித்திருந்தாள் தாய்.

பணி மருத்துவர் அருண்குமார் சுவரில் தொங்கிய முகமூடியை எடுத்தார். அது பெரியவர்களுக்கானது. குழந்தையின் நெற்றியிலிருந்து மோவாய்க்குக் கீழே வரை மூடியது. அழுத்திய காற்றெல்லாம் பக்கவாட்டில் ஓடியது. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆகுமென்றார்கள். பிரிசில்லா சாவி கேட்டுத் தங்கராசுவைப் போனில் அழைத்தாள்.

"மீட்டிங்ல இருக்கேன் சிஸ்டர். ரெண்டு மணிக்குள்ள வந்துடறேன்."

காலையில் துடைத்த கண்ணாடியில் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் ஸ்பேனரை எடுத்து அந்த முகத்தின் மேலேயே ஓங்கி அடித்தாள்.

சின்ன முகமூடி பிள்ளையின் முகத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. நாலைந்து முறை அழுத்தியதும் நெஞ்சு எழும்பியது. மறுபடி பிள்ளையின் கை வெட்டி இழுக்கத் தொடங்கியபோது அருண்குமார் நாடாவை விரித்து அளவைப் பார்த்து மூக்கில் மருந்தைப் பீய்ச்சினார். ஆம்புலன்ஸ் வந்து நின்ற நேரம், பிள்ளை வார்டே அதிர அழுதுகொண்டிருந்தது. பிரிசில்லாவின் விரலில் ரத்தம் வடிந்ததை அப்போதுதான் அவளே பார்த்தாள்.

விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டே திலகவதியிடம் சொன்னாள். இனிமேல் வலிப்பு வந்தால் சாவி தேடி நிற்கக்கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்காமல் உடனே தூக்கிவர வேண்டும். திலகவதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எங்களுக்குத் தெரிஞ்சது அதான் சிஸ்டர். எங்க வூட்டு சாவி புள்ள கையிலயாவது இருந்துச்சி. ஒங்க சாவி எங்க இருந்துச்சி?"

ஆம்புலன்ஸ் சிதம்பரத்துக்குக் கிளம்பிய பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை.

மாலையில் தலைமை மருத்துவர் கார்த்திகேசன் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை ஆய்வு, கை தவறி உடைந்தது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இதோடு முடித்துவிடலாம் என்று கனிவாகவே சொன்னார். கூட்டம் முடிந்து திரும்பிய தங்கராசு சுவரோரம் தலை குனிந்து நின்றார்.

ஒரு வரிதான். எழுதினால் புதுக் கண்ணாடி வரும், புதுப் பூட்டு வரும், நாளை மறுபடி துணியோடு நிற்கலாம். உடைத்ததற்காக அவள் மனம் கொஞ்சமும் உறுத்தவில்லை. உறுத்தியது அந்த நான்கு மாதம். பூட்டியது தப்பு என்று முதல் நாளே தெரியும். தெரிந்தும் கண்ணாடி பளபளப்பதில் ஒரு திருப்தி இருந்ததே, அது எங்கிருந்து வந்தது?

"கை தவறல சார். தெரிஞ்சிதான் ஒடச்சேன். மறுபடி பூட்டுனா மறுபடி ஒடப்பேன்."

"மெமோ வரும்மா."

"வரட்டும் சார். பதிலு இப்பவே எழுதித் தரேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். 'கண்ணாடியை நான்தான் உடைத்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நான்கு மாதம் அதை உடைக்காமல் துடைத்துக்கொண்டிருந்தேனே, அதற்கு வேண்டுமானால் மெமோ கொடுங்கள்.' கையெழுத்தைப் பெரிதாகவே போட்டாள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது தங்கராசு அலமாரியின் முன் உட்கார்ந்து, கடைசி ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். கதவு முழுசாகச் சுவரில் சாய்ந்திருந்தது.

"போன்ல அந்தப் புள்ளையோட அம்மா அழுத சத்தம் எனக்குக் கேட்டுச்சி சிஸ்டர்," என்றார், நிமிராமலே. "கேட்டுட்டும் மீட்டிங் முடியட்டும்னு ஒக்காந்திருந்தேன். ராத்திரி பூரா அதான் காதுல."

வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வந்த அதிகாரி அலமாரியின் முன் நின்றார். பொருட்களை இப்படித் திறந்து போட்டிருக்கிறீர்களே, கதவு எங்கே என்று கேட்டார். பிரிசில்லா வாய் திறக்கும் முன் தங்கராசு ஓரடி முன்னால் வந்தார்.

"நாந்தான் கழட்டிட்டேன் சார். பொருள் காணாமப் போனா மெமோ குடுங்க, வாங்கிக்கறேன். மூச்சு நின்ன கொழந்த சாவி வர்ற வரைக்கும் காத்திருக்காது. உசுரு காக்குற பொருள பூட்டி வச்சா, அது இருந்தும் இல்லாத மாதிரிதான் சார்."