புள்ளி நின்ற இடம்

"காலத் தூக்கிப் புடிடா, தல இடிக்கப் போவுது!" என்று கத்தினார் சாமிதுரை.

மொட்டைமாடிப் படிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. மகன் விக்கி தன் அம்மா ஆண்டாயியின் கால்களைத் தோளில் தாங்கிக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கிக்கொண்டிருந்தான். சாமிதுரை அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கியிருந்தார். அவள் தலை அவருடைய நெஞ்சில் துவண்டு கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. அந்தக் கண் போன பக்கமாக அவரும் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளை வெளேரென்று நீண்ட இறக்கையோடு அந்தக் கிளைடர் விமானம் இன்னும் வீட்டுக்கு மேலேயே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. எஞ்சின் இருந்தால்தானே சத்தம் வரும்.

அதற்குள் உட்கார்ந்திருந்தது அவருடைய மகள் வெற்றிச்செல்வி.

காலையில் அவள்தான் போன் பண்ணியிருந்தாள். "அம்மா, இன்னைக்கு நம்ம வாலிகண்டபுரத்துக்கு மேல வருவேன். செவப்புச் சீல எதையாவது ஆட்டு, தெரியுதான்னு பாக்குறேன்." ஆண்டாயிக்கு இதயத்தில் கோளாறு. படி ஏறவே கூடாது என்று பெரம்பலூர் டாக்டர் சொல்லியிருந்தார். "மாடிக்குப் போன, அங்கேயே போய்ச் சேந்துடுவ" என்று சாமிதுரையும் தன் பங்குக்குச் சொன்னார். அவருக்கு எதையும் பூசி மெழுகிப் பேச வராது. "ஒங்க வாயில நல்லதே வராதா?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் ஏறிவிட்டாள். அவர் மூச்சுவாங்க மேலே போனபோது, கல்யாணச் சீலையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். "அந்தா, அந்தா" என்றாள். அப்புறம் கால் வலிக்கிற மாதிரி அப்படியே உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸில் வந்த ஆள் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் புண்ணியமில்லீங்க ஐயா."

வாசலில் பந்தல் போட ஆள் வந்தது. ஐஸ் பெட்டி வந்தது. விக்கி தன் போனை எடுத்துக்கொண்டு அப்பாவை வீட்டுப் பின்பக்கம் கூட்டிப் போனான். திரையில் ஊர்ப்படம் தெரிந்தது. ரோட்டு வரிகளுக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

"அக்காதாம்ப்பா. அரியலூர்ப் பக்கம் போய்த் திரும்புது. அக்காகிட்ட இருக்குற டேப்லெட்டுதான் இத அனுப்புது. அக்கா கெளம்புன எடத்து ஆபீசுக்குப் போன் பண்ணி, ரேடியோவுல விஷயத்தச் சொல்லச் சொல்லவா?"

"கூறு கெட்டவனே. மேல ஒத்தையா ஒக்காந்திருக்கிறவகிட்ட ஆத்தா செத்துட்டான்னு சொல்லுவியா? கை நடுங்கிச்சுன்னா என்ன ஆவறது? எறங்கட்டும். எறங்குன பொறவு சொல்லிக்கலாம்."

"சரிப்பா."

"ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடாத. அந்த ஆபீஸ்காரன்கிட்டயும்."

அந்த டேப்லெட்டை சாமிதுரை பார்த்திருக்கிறார். வடக்கே எங்கோ ஒரு பழைய ஓடுதளத்தில் மகள் பறக்கிறாள் என்று ஒருமுறை கூட்டிப் போயிருந்தார்கள். ஆள் படுத்தமாதிரி உட்காரும் குறுகலான இடம். மேலே கண்ணாடி மூடி. எதிரே முள்ளு ஆடுகிற இரண்டு மூன்று வட்டக் கருவிகள். நடுவில் ரப்பரால் ஒட்டவைத்த ஒரு டேப்லெட். விக்கியின் குழந்தை சோறு தின்னும்போது பொம்மைப்படம் பார்க்கிற அதே சாமான்.

"இதயா நம்பி ஆகாசத்துல போற?" என்று அவர் கேட்டார்.

"இது இல்லாமயும் பறக்கலாம்ப்பா. ஒயரம், வேகம் எல்லாம் அந்த முள்ளு காட்டிரும். இது வழி சொல்லும். எஞ்சின் இல்லாத வண்டியில்ல? இப்ப இருக்குற ஒயரத்துக்கு எது வரைக்கும் போய்ச் சேர முடியும்னு கோடு போட்டுக் காட்டும்."

"வெயில்ல காஞ்சா?"

"சூடானா அணைஞ்சிரும். அதுக்குத்தான் பக்கத்துல காத்துத் தொள வெச்சிருக்கோம்" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சூடானால் அணைந்துபோகிற ஒன்றை எதற்குக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஆண்டாயியின் தங்கை சாந்தா பாடாலூரிலிருந்து வந்து இறங்கினாள். ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்.

"மாமா, வெற்றி எங்க? அது வந்துதான வாக்கரிசி போடணும்?"

"வந்துக்கிட்டு இருக்கு."

"எது வரைக்கும் வந்திருக்கு?"

"வந்துக்கிட்டு இருக்குன்னு சொன்னன்ல."

அவர் மறுபடி பின்பக்கம் போனார். விக்கி சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். முகம் சரியில்லை.

"என்னடா?"

"ஒண்ணுமில்லப்பா."

"கொண்டா இங்க."

புள்ளி நின்றுபோயிருந்தது. நீலமாக இருந்தது இப்போது சாம்பல் நிறம். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். படம்தான் நகர்ந்தது, புள்ளி நகரவில்லை.

"ரொம்ப நேரமா அங்கதாம்ப்பா நிக்குது. ஆபீசுல கேட்டேன். அடிக்கடி இப்படித்தான் நிக்கும், பயப்படாதீங்கங்குறாங்க. ரேடியோவுல கூப்புட்டுக்கிட்டே இருக்காங்களாம். எட்டலயாம்."

"எந்த எடம்டா இது?"

விக்கி படத்தைப் பெரிதாக்கினான். ரோடு ஒன்றும் இல்லை. வெளுத்துப்போன பெரிய பெரிய கட்டங்கள். அதில் ஒன்றில் மட்டும் பச்சை.

சாமிதுரைக்குப் படிப்பு வராது. படம் புரிந்துவிட்டது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடிக்குழி போடும் வேலையில் அவருடைய முதுகு தேய்ந்திருக்கிறது. வெட்டி முடித்துக் கைவிட்ட குழி அந்தப் பச்சை. மழைத்தண்ணீர் நின்று நின்று பாசியேறிய குழி. ஒருமுறை ஒரு டிப்பர் லாரி அதில் சரிந்தது. கிரேன்காரன் சங்கிலியை விட்டுப் பார்த்துவிட்டு, "அடி தெரியல" என்று கையை உதறிக்கொண்டு போய்விட்டான். வேலி கிடையாது, ஆள் நடமாட்டம் கிடையாது. விழுந்தால் தண்ணீர் ஒருமுறை பொங்கும், பிறகு மூடிக்கொள்ளும். பார்க்க ஒரு ஆடு மேய்க்கிறவன்கூட இருக்க மாட்டான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?" என்றார் மெதுவாக.

"எத?"

"ஆத்தா செத்தத. அந்த ஆபீஸ்காரன்கிட்ட ஒளறிட்டியா? அவன் ரேடியோவுல சொல்லிட்டானா?"

"ஐயோ இல்லப்பா."

"பொய் சொல்லாத."

"எம்புள்ள மேல சத்தியமாப்பா!"

அவர் நம்பவில்லை. யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் இருக்க மனுசனால் முடியாது. சொன்னதும் அவளுக்குக் கை நடுங்கியிருக்கும். கண்ணில் நீர் கட்டியிருக்கும். எதிரே வழி காட்டுகிறது என்று வைத்த அந்தச் சாமானும் கறுத்துப்போயிருக்கும்.

"நான் போறேன். பைக்கு சாவியக் குடு."

"அப்பா! பொணத்தப் போட்டுட்டு நீங்க போனா ஊரு என்ன பேசும்? நான் போறேன்."

"நீ கொள்ளி வெக்கிறவன். நீயும் போய் எங்கயாவது விழுந்து தொல."

பேச்சு வாயை விட்டு வந்ததும் சாவிக்கு நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். இரண்டு பேரும் போகவில்லை. அரியலூரில் இருக்கும் சிநேகிதன் ஒருவனை அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கச் சொன்னான் விக்கி.

பந்தலுக்குள் வந்து ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடிக்குள் ஆண்டாயி எதற்கோ கோபித்துக்கொண்ட மாதிரி படுத்திருந்தாள். பெட்டி மோட்டார் உறுமி உறுமி நின்றது. நிற்கும்போதெல்லாம் அவர் வீட்டுப் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். வானத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். பந்தல் துணிதான் தெரிந்தது.

சாந்தா வந்து காதோரம் குனிந்தாள். "மாமா, கோவிச்சுக்காதீங்க. இன்னைக்குச் சனிக்கெழம. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரணும். ஒரு கோழிக்கும் சொல்லிரலாம்."

சனிக்கிழமை செத்தவர் துணைக்கு இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போவார் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. அதற்காகப் பாடையில் உயிரோடு ஒரு கோழியைக் கட்டி அனுப்புவார்கள். சாமிதுரையின் அண்ணன் பெரியசாமி செத்ததும் ஒரு சனிக்கிழமைதான். பாடையில் கட்டியிருந்த கோழியை அவரே அவிழ்த்து முள்ளுக்காட்டில் விரட்டிவிட்டார். "உசுரோட இருந்தப்ப எங்கண்ணன் ஒருத்தனையும் டீக்கடைக்குக்கூடக் கூட்டிக்கிட்டுப் போனதில்ல. செத்தா கூட்டிக்கிட்டுப் போவப் போறான்?" என்று கேட்டார். சாவு வீடே சிரித்துவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அதை வைத்து இத்தனை வருசமாக ஊரையே கேலி பண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் கத்தப்போகிறார் என்று சாந்தா இரண்டடி தள்ளி நின்றாள்.

சாமிதுரை எழுந்தார். விக்கியைத் தனியாகக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போயி ஒரு கோழி வாங்கியா."

விக்கிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். போனை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனான். "ஆபீசுலேர்ந்து கூப்புட்டா பச்சையத் தள்ளுங்கப்பா."

அவர் ஐஸ் பெட்டியில் கையை வைத்தார். குளிர்ந்தது. "ஏ, ஆண்டாயி" என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள், பாவம், இப்போதுதான் அழ வருகிறது என்று விலகி இடம் விட்டார்கள். அவர் அழவில்லை. உதட்டை அசைக்காமல் முனகினார். "நீ தனியாவே போடி. அவள விட்டுரு. ஒனக்குத் தொணதான் வேணும்னா நான் வரேன்."

போன் அடித்தது.

திரையில் பேர் இல்லை, வெறும் நம்பர். விக்கி பேர் போட்டு வைத்திருக்கும் ஆபீஸ் நம்பர் இல்லை. தெரியாத நம்பரிலிருந்து கூப்பிடுவது போலீசாகத்தான் இருக்கும். அவள் சட்டைப்பையில் கிடந்த கார்டில் நம்பர் பார்த்துக் கூப்பிடுவார்கள். அவர் விரல் பச்சைக்குப் போகவில்லை. அடித்து அடித்து நின்றது.

மறுபடி அடித்தது.

"எடுங்களேன் மாமா" என்றாள் சாந்தா.

"நீ பேசு."

"யாருன்னு கேளுங்க!"

பச்சையைத் தள்ளினார். காதில் வைத்தார்.

"அஸ்ஸலாமு... அலோ, விக்கிங்களா? நான் லப்பைக்குடிகாடு ஷஃபியுல்லா பேசறேன். அரியலூர்ப் பக்கம் நம்ம சோளக்காட்டுல ஒரு ஏரோப்ளேன் எறங்கிருச்சுங்க. பயந்துராதீங்க, அல்லா காவல், புள்ள நல்லாருக்கு. இந்தாம்மா, பேசு."

"விக்கி..."

சாமிதுரை போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"விக்கி, அக்காடா. டேப்லெட்டு சூட்டுல ஆஃப் ஆயிருச்சு. என் போனும் அதே மாதிரி. ஒயரமும் கம்மியாயிருச்சு, எது வரைக்கும் எட்டும்னு கண்ணால கணக்குப் பாத்துப் பாத்து, அறுத்த காடு ஒண்ணு தெரிஞ்சுது, எறக்கிட்டேன். இந்த பாய் நம்பரு கேட்டாரு, ஒன் நம்பருதான் மனப்பாடமா இருந்துச்சு. அப்பாகிட்டச் சொல்லிராத, அது ஆரம்பிச்சிரும். அலோ? விக்கி?"

"நாந்தான்" என்றார்.

"அப்பாவா?" அவள் சிரித்தாள். "சரி, திட்டுங்க. அம்மாகிட்டக் குடுங்க மொதல்ல."

பந்தலில் யாரோ புதிதாக வந்து ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். அவர் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினார். கோவணத்துக்கு மேலே சுற்றிய வேட்டி அவிழ்ந்தது. பின்பக்கச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னார்.

"அம்மாவுக்கு முடியல பாப்பா. நீ வா."

அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்தது.

"அந்த பாய்கிட்டக் குடு" என்றார். ஷஃபியுல்லா வந்ததும், "ஐயா, என் சம்சாரம் தவறிட்டா. பொண்ணுக்குத் தெரியாது. பத்தரமாக் கொண்டாந்து விட்டுருவீங்களா?" என்றார். வாழ்க்கையில் அவர் யாரையும் ஐயா என்று கூப்பிட்டுக் கேட்டதில்லை.

"நானே ஓட்டிக்கிட்டு வரேண்ணே. நெதானமாத்தான் வருவேன்" என்றது குரல்.

கார் வந்து நின்றபோது வெயில் தணிந்திருந்தது. வெற்றிச்செல்வி இறங்கினாள். பந்தலைப் பார்த்தாள், மாலைகளைப் பார்த்தாள். சட்டையெல்லாம் புழுதி, முழங்கை வரை சோளத்தட்டைக் கீறல். கூட்டம் விலகி வழி விட்டது. ஐஸ் பெட்டியின் மேல் கவிழ்ந்து அவள் அழுத அழுகையில், அழுது ஓய்ந்திருந்தவர்களும் மறுபடி தொடங்கினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாவைத் தேடி நிமிர்ந்தாள்.

"நான் வீட்டுக்கு மேல வந்தப்ப அம்மாவுக்கு முடியாமதான் இருந்துச்சா? என்னப் பாக்கலியா?"

"பாத்துச்சு."

"எங்கேர்ந்து?"

சாந்தா வாயைத் திறந்தாள். சாமிதுரை அவளை ஒரு பார்வை பார்த்தார். விக்கி குனிந்து பாயின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தான்.

"வாசல்லேர்ந்துதான்" என்றார். "நாற்காலி போட்டு ஒக்காந்து பாத்துச்சு. நல்லாப் பாத்துச்சு."

மேளம் அடங்கியது. பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். உடம்பைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். வெளியே பாடையில், விக்கி வாங்கி வந்த கோழியைக் கட்டியிருந்தார்கள். வாக்கரிசித் தட்டு வந்தது. மகளை முதலில் கூப்பிட்டார்கள். வெற்றிச்செல்வி எழுந்தாள். கூடவே சாமிதுரையும் எழுந்தார். அவளுடைய இடது மணிக்கட்டை அவர் எப்போது பிடித்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

"ரெண்டு கையாலயும் அள்ளிப் போடும்மா" என்றாள் ஒரு பெண்.

"அப்பா, கைய விடுங்க" என்றாள் வெற்றிச்செல்வி, தாழ்ந்த குரலில்.

அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். விடவில்லை. இன்னொரு முறை அவள் கேட்கவில்லை. ஒற்றைக் கையால் அரிசியை அள்ளி அம்மாவின் வாயில் போட்டாள். பாதி உள்ளே போனது, பாதி கன்னத்தில் வழிந்து பாயில் கொட்டியது. அவர் விரல் அழுந்திய இடத்தில் கீறல் திறந்து ரத்தம் கசிந்து, இரண்டு பேர் கையிலும் ஒட்டியது.