ஆட்டம் முடிந்ததும் போகலாம்

வாசல் பனியைப் பாதி தள்ளிய நிலையில் எமில் ஹூடாக் மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். குழாய் ஆலையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவர். ஜன்னல் வழியாகப் பாதையைப் பார்த்த அவர் மனைவி ரோசாலிக்கு அதுதான் முதலில் உறுத்தியது. பிறகுதான் அவர் இடது கையைத் தேய்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தோள் பிடிச்சுக்கிச்சு. நெஞ்சுலயும் ஒரு மாதிரி அழுத்துது. ராத்திரி தின்ன சாசேஜா இருக்கும்."

"நெஞ்சுலயா? கோட்டைக் கழட்டாத. நான் கார் சாவிய எடுக்கறேன்."

"ரோஸ், மணியப் பாரு. ஒரு மணிக்கு ஆட்டம். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா ராத்திரிக்குத்தான் விடுவாங்க. ஆட்டம் முடிஞ்சதும் போகலாம். சத்தியமா."

"எத்தன மணிக்கு முடியும்?"

"நாலுக்குள்ள."

"நாலு மணிக்கு நீ வாயத் திறக்கக் கூடாது. நேரா வண்டியில ஏறணும்."

"ஏறறேன்டி. என் கண்ணுல்ல."

அவள் சாவியை எடுத்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கைப்பேசியையும் போட்டுக்கொண்டாள். நாலு மணி வரை தாங்கும் என்று நினைத்தாள். எதை வைத்து அப்படி நினைத்தாள் என்பது பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

அன்று அவர்களுடைய அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டோக்கர்ஸ் ஜெயித்தால் பதினோரு வருஷத்துக்குப் பிறகு இறுதிச் சுற்றுகளுக்குள் நுழையும். லொரைன் ஊரில் அன்று காலைப் பூசையில்கூடப் பாதிப் பேர் அணியின் ஆரஞ்சு நிறச் சட்டையில்தான் வந்திருந்தார்கள். ஆனால் யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை. காரணம், குவார்ட்டர்பேக் ப்ரான்ட் ஹாலிஸ். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்று மூன்று நொடிக்குள் முடிவெடுக்க வேண்டியவன் அவன். ஆட்டத்தின் முக்கால்வாசி நேரம் ராஜா மாதிரி ஆடுவான். கடைசி இரண்டு நிமிஷத்தில், மூன்று புள்ளி வித்தியாசத்தில், அவனுக்குள் ஏதோ கழன்றுவிடும். சும்மா இருந்தாலே ஜெயிக்கக்கூடிய இடத்தில் வீரம் காட்டுவான். அந்தப் பருவத்தில் மட்டும் ஐந்து ஆட்டங்கள் அப்படிப் போயிருந்தன.

பன்னிரண்டரைக்கு எமிலின் தம்பி க்ளெம் வந்தான். பக்கத்து வீட்டு எஃப்ரயின் கொலோன் ஒரு தட்டு வறுத்த பன்றி இறைச்சியோடு வந்தான். மூவரும் நிலவறைக்கு இறங்கினார்கள்.

அந்த நிலவறைக்கு ஒரு சட்டம் உண்டு. கடைசிக் கால்பகுதியில் நம் அணி முன்னிலையில் இருந்தால் யாரும் இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. ஒரு வருஷம் க்ளெம் பீர் எடுக்க எழுந்தான்; அதே நொடியில் எதிரணி பந்தைப் பறித்தது. அன்றிலிருந்து அது சட்டம். ரோசாலியின் இடம் நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டில், கீழிருந்து மூன்றாவது படி. என்றோ ஒரு நாள் துணிக்கூடையோடு அவள் அங்கே நின்றிருந்தபோது அணி ஜெயித்துவிட்டது. அதோடு அந்தப் படி அவளுக்கு விதிக்கப்பட்டுவிட்டது. அங்கிருந்து தொலைக்காட்சித் திரை நன்றாகத் தெரியும். எமிலின் பின்னந்தலை மட்டும்தான் தெரியும்.

பாதி ஆட்டத்தில் அவள் கீழே வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "எப்படி இருக்கு?"

"பரவால்ல. ஏப்பம் வந்துச்சு. பத்து புள்ளி முன்னாடி இருக்கோம், அதப் பாரு."

முகம் மெழுகு நிறத்தில் இருந்தது. தொலைக்காட்சி வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டாள். திரும்பிப் போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

பத்துப் புள்ளி முன்னிலை மூன்றாகக் குறைந்தது. மூன்றே முக்காலுக்கு, இன்னும் ஒரு நிமிஷம் ஐம்பது நொடி மிச்சம். பந்து நம்மிடம். எதிரணி தன் கைவசமிருந்த இடைவேளைகளை எல்லாம் தீர்த்துவிட்டது. இனி கடிகாரத்தை நிறுத்த அவர்களுக்கு வழியில்லை. ஹாலிஸ் நாலு கஜம் முன்னேறி, கோட்டுக்குள்ளேயே விழுந்தால் போதும். மிச்ச நேரம் தானாக ஓடித் தீரும்.

ரோசாலி சாவியைக் கையில் எடுத்தாள்.

"ஓடுடா," என்றான் க்ளெம். "எறியாத. ஓடி விழு. எங்க பாட்டி கூட விழுவா."

"எறிவான்," என்றான் எஃப்ரயின்.

"வாயக் கழுவு!"

"டோன்யா ரோஸ், சொல்லுங்க. எறிவானா மாட்டானா?" மரியாதைக்கு அவன் தன் மொழியில் அவளை அப்படித்தான் கூப்பிடுவான்.

"எறியாம இருந்தா உனக்கு நாளைக்கு நானே சமைச்சுப் போடறேன்," என்றாள் அவள். குரல் நடுங்கியது. ஆட்டத்துக்காக நடுங்குகிறது என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

பந்து ஹாலிஸ் கைக்கு வந்தது. அவன் முன்னால் யாருமில்லை. ஒரு கல்யாண ஊர்வலமே போகலாம், அவ்வளவு வெட்டவெளி. இரண்டு அடி ஓடினான். நின்றான். கையை ஓங்கினான்.

"வேணாம், வேணாம், வேணாம்..." மூவர் குரலும் ஒன்றாக எழுந்தது. எமில் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

பந்து நாற்பது கஜம் பறந்து எதிரணிக்காரன் மார்பில் போய் உட்கார்ந்தது.

க்ளெம் தொப்பியைச் சுவரில் அடித்தான். எஃப்ரயின் ஸ்பானியத்தில் ஹாலிஸின் ஏழு தலைமுறையையும் விசாரித்தான். எமில் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி எழப் பார்த்தார். பின்கழுத்து முழுதும் வியர்வை மினுமினுத்தது.

"உக்காரு எமில்! அசையாத!" என்று கத்தினான் க்ளெம். "இன்னும் நாமதான் முன்னாடி இருக்கோம்!"

எமில் மறுபடியும் எழப் பார்த்தார்.

"உக்காரு எமில்," என்றாள் ரோசாலி. "ஒரு நிமிஷம்தான் இருக்கு."

அவர் உட்கார்ந்தார்.

அந்த ஒரு நிமிஷம் பதினோரு நிமிஷம் ஓடியது. கடைசி நொடியில் எதிரணி பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துச் சமன் செய்தது. இனி கூடுதல் நேரம். விளம்பரம் வந்தது.

"எமில், போகலாம் வா. நாலு ஆகப்போகுது."

அவர் திரும்பவில்லை. வலக்கையை மட்டும் தூக்கி விரல்களை விரித்துக் காட்டினார். பொறு என்றா, ஐந்து நிமிஷம் என்றா, தெரியவில்லை.

"எங்க போறீங்க?" என்றான் க்ளெம்.

"ஒண்ணுமில்ல," என்றாள் அவள்.

கைப்பேசி பையில் இருந்தது. மூன்று எண்களை அழுத்தினால் ஆம்புலன்ஸ் வரும். விளக்கைச் சுழற்றிக்கொண்டு பாதி பனி தள்ளிய பாதையில் வந்து நிற்கும். எமில் அவமானத்தில் ஒரு வாரம் பேசமாட்டார். அதெல்லாம் அவள் யோசித்தாள். கைப்பேசியை எடுத்து மடியில் வைத்தாள். திரையில் நாணயம் சுண்டினார்கள். பந்து நமக்கே வந்தது. நமக்குத்தானே, சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

ஹாலிஸ் அணியை நன்றாகத்தான் நகர்த்தினான். உதைத்து ஜெயிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள். இன்னொரு தடவை நடுவில் ஓடவிட்டு, உதைப்பவனைக் கூப்பிட்டால் முடிந்தது. அவன் பின்னால் நகர்ந்தான், இரண்டு பேர் பிடியிலிருந்து நழுவினான், கீழே விழப்போகிறவன் விழாமல், உடம்பைத் திருக்கிக்கொண்டு ஓரத்தை நோக்கி எறிந்தான். கோட்டோரம் காத்திருந்த எதிரணிக்காரன் அதைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடி வரை ஓடினான். அவனைத் துரத்தக்கூட ஆளில்லை.

ஆட்டம் முடிந்தது, ஸ்டோக்கர்ஸ் தோற்றுவிட்டது. க்ளெம் தலையில் கைவைத்து மண்டியிட்டிருந்தான். எஃப்ரயின் முகத்தைத் தலையணையால் மூடிக்கொண்டான். எமிலின் தலை மார்பில் தொங்கியது. வலக்கை சட்டையை மார்போடு சேர்த்துப் பற்றியிருந்தது.

"பாரு எமிலை," என்றான் க்ளெம். "பாக்கவே முடியலயாம். எனக்கும்தான்டா. எனக்கும்தான்."

ஸ்டோக்கர்ஸ் ரசிகர்களின் எந்த நிலவறையிலும் அந்த நேரத்தில் ஆண்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பார்கள். யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. ஒரு விளம்பரம் முழுதாக ஓடி முடிந்தது. ரோசாலிதான் முதலில் அந்தப் படியை விட்டு இறங்கினாள். முன்பக்கம் வந்து, குனிந்து, அவர் முகத்தைப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் தரையில் கிடத்தி மார்பை அழுத்திக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியை யாரும் அணைக்கவில்லை. ஹாலிஸ் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றான். இருபத்தைந்து வயசு; தாடிகூட ஒழுங்காக முளைக்கவில்லை. ஏன் எறிந்தாய் என்று கேட்டார்கள். "ஒண்ணும் ஆகாதுன்னு தோணிச்சு," என்றான். "சமாளிச்சிடலாம்னு நெனச்சேன்."

புதன்கிழமை சவ அடக்க நிலையத்தில் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். ஆலைக்காரர்கள், மாதா கோவில்காரர்கள். பெட்டிக்குள் எமிலுக்கு ஆரஞ்சுச் சட்டை போட வேண்டும் என்று க்ளெம் பிடிவாதம் பிடித்தான், அவள் தடுக்கவில்லை. வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து, ஒரே பேச்சைப் பேசினார்கள்.

"அந்தப் பய கொன்னுட்டான், ரோஸ்."

"சும்மா விழுந்திருந்தா போதும். நாலு கஜம்."

"நாங்க பக்கத்துலயே இருந்தோம்," என்றான் எஃப்ரயின். கண் சிவந்திருந்தது. "நெஞ்சப் பிடிச்சுக்கிட்டிருந்தாரு, டோன்யா. நானும்தான் பிடிச்சிருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் மட்டும் ஓடியிருந்தா மூணே முக்காலுக்கு முடிஞ்சிருக்கும்," என்றான் க்ளெம்.

காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்புண்டு என்று மருத்துவர் அவளிடம் சொல்லியிருந்தார். மூன்றே முக்காலுக்கு வந்திருந்தால் என்று அவள் கேட்டபோது அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

"எமில் காலையிலேயே சொன்னார்," என்றாள் ரோசாலி.

க்ளெம் அவளைப் பார்த்தான்.

"பனி தள்ளிட்டு வந்து சொன்னார். கை வலிக்குது, நெஞ்சு அழுத்துதுன்னு. ஆட்டம் முடிஞ்சு போகலாம்னு நானும் ஒத்துக்கிட்டேன். எழுந்திருக்கப் பார்த்தார் இல்ல? உக்காருன்னு சொன்னது நீ மட்டும் இல்ல. நானும் சொன்னேன்."

சுற்றி நின்றவர்கள் யாரும் அசையவில்லை. க்ளெம் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு தரைக் கம்பளத்தைப் பார்த்தான்.

"ஹாலிஸோட இன்னும் நாலு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடப் போறாங்களாம்," என்றான் கடைசியில்.

"நாலு வருஷமா!" என்றார் ஆலைக்காரர் ஒருவர். மற்றவர்களும் உடனே சேர்ந்துகொண்டார்கள். குரல்கள் ஏறின. அந்தப் பருவத்தில் தோற்ற ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே எறியாமல் இருந்திருக்க வேண்டும் என்று விரல் விட்டுச் சொன்னார்கள். வரிசையில் அடுத்து நின்ற அம்மாள் கையை நீட்டினாள். ரோசாலி அதைப் பற்றிக்கொண்டாள்.