சிவப்பு டேப்புக்குக் கீழே

உப்பு பார்க்கும் மீட்டரின் கேபிளில், முனையிலிருந்து ஒரு முழம் மேலே, சிவப்பு டேப் சுற்றியிருந்தது. அதுவரைக்கும் தண்ணீரில் இறக்க வேண்டும், திரையில் வரும் எண்ணை எழுத வேண்டும், அடுத்த இடத்துக்குப் படகை விட வேண்டும். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். எண் எப்போதும் சாதுவாக இருக்கும். கழிமுகம் நலம் என்று அறிக்கை போகும்.

அன்று நங்கூரத்தோடு ஒரு கை சேறும் மேலே வந்தது. சேற்றில் இருந்த சிப்பிகளெல்லாம் வாய் பிளந்து கிடந்தன. ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனவள் உடனே தூர எறிந்தாள்.

“இதுக்கு எப்படிங்க நலம்னு எழுதுறது?” என்று படகுக்காரரிடம் சண்டைக்குப் போவதுபோல் கேட்டாள்.

“என்னைக் கேட்டா? நான் துடுப்பு போடுறவன் தாயே.”

அவள் கேபிளைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினாள். சிவப்பு டேப் தண்ணீருக்குள் போயிற்று.

“அய்யய்யோ, அதுக்குக் கீழ விடக்கூடாதும்பாங்க!”

“யாரு?”

“யாரோ. நான் வரும்போதே டேப் இருந்துச்சு.”

முனை அடியைத் தொட்டது. பதினொன்றில் நின்றிருந்த எண் கிடுகிடுவென்று ஏறி முப்பத்தொன்றில் போய் உட்கார்ந்தது. கிட்டத்தட்டக் கடலேதான்; கழிமுகச் சிப்பி தாங்காத உப்பு. மீட்டருக்குப் பைத்தியமா என்று, உப்பின் அளவு தெரிந்த சோதனைக் கரைசலில் முக்கிப் பார்த்தாள்; மீட்டர் தெளிவாகத்தான் இருந்தது. மறுபடி இறக்கினாள். மறுபடி முப்பத்தொன்று. உப்புத் தண்ணீர் கனமானது. நல்ல தண்ணீருக்கு அடியில் பூனைபோல நுழைந்துவிடும். மேலே மிதக்கும் நல்ல தண்ணீரை அளந்துவிட்டு, அடியில் வாழும் சிப்பிக்கு இத்தனை நாளும் நற்சான்று கொடுத்திருக்கிறார்கள். அவளும்தான் கொடுத்திருக்கிறாள்.

அலுவலகத்தில் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இன்னொரு தடவை துடைத்தார்.

“அந்த டேப் நான் சுத்தினதும்மா. அடியில புதைஞ்ச ஒரு பழைய மரமுளையில மோதி முனை உடைஞ்சு போச்சு. ஏன் உடைஞ்சுதுன்னு மேலிடத்துக்குப் பதில் எழுதியே என் கை ஓஞ்சுது. அதான் பாதுகாப்பா ஒரு முழம்.”

“யாருக்குப் பாதுகாப்பு சார்? மீட்டருக்கா, சிப்பிக்கா?”

“உனக்கு வாய் ஜாஸ்தி.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இதை எழுதினா ரெண்டு காரியம் நடந்தாகணும். மேல அணை ஷட்டரைத் தூக்கி நல்ல தண்ணி விடச் சொல்லணும். உப்பு இறங்குற வரைக்கும் சிப்பி எடுக்கத் தடை போடணும். உங்க வீட்ல அம்மா என்ன தொழில்?”

அவளுக்குச் சுரீரென்றது. அவருக்குத் தெரியும். அந்தச் சேற்றில் இடுப்பளவு நின்று சிப்பி எடுத்துத்தான் அம்மா அவளைக் கல்லூரிக்கு அனுப்பினாள். அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

“கையெழுத்து உன்னுது. யோசிச்சுக்கோ” என்றார் அவர். அதட்டியிருந்தாலாவது திருப்பிக் கத்தியிருப்பாள்.

வீட்டில் அம்மா கிழிந்த வலைப்பையைத் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஊசி நின்றது.

“எத்தனை நாளைக்குத் தடை?”

“தெரியாதும்மா.”

“தெரியாதுன்னு சொல்றதுக்கா படிச்சே? அதை நானே சொல்லுவேனே.”

“அடியில எல்லாம் செத்துட்டிருக்கு. மிஞ்சினதையும் நீங்கல்லாம் வாரிட்டீங்கன்னா விதைக்குக்கூட மிஞ்சாது.”

“நேத்துகூட எடுத்தேன். உயிரோடதான் இருந்துச்சு.”

“பை நிறைஞ்சுதா?”

அம்மா பையின் கிழிசலைப் பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு ஏதோ சாதாரண விஷயம்போலக் கேட்டாள்: “அந்த மீட்டர் முனையைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சா எவ்வளவு வரும்?”

மகளுக்கு ஆத்திரம் பொங்கியது. அம்மா மேல்கூட இல்லை. அதிகாரி கேட்காமல் கேட்டதும் இதைத்தானே. போதாக்குறைக்கு, வரும் வழியெல்லாம் அவள் மனசும் அதையே கேட்டிருந்தது.

“பதினொண்ணு வரும். எல்லாரும் நிம்மதியாத் தூங்கலாம். நீ சொல்லு, பதினொண்ணுன்னே எழுதிடுறேன்.”

“என் தலையில கட்டாதடி!” அம்மா வலைப்பையை விசிறி எறிந்தாள். “நாளைக்கு நானும் படகுல வரேன். என் கண்ணால பார்க்கணும்.”

மறுநாள் காலை அம்மாவும் படகில் ஏறினாள். நடுவில் போனதும் அம்மா கேபிளைப் பிடுங்கித் தானே இறக்கினாள். டேப் தண்ணீரைத் தொட்டது. கை ஒரு கணம் நின்றது. மகள் திரையை அவள் பக்கம் திருப்பினாள். அம்மா கேபிளை விட்டாள். எண் ஏறியது.

“இது மோசமா?”

“மோசம்.”

“அந்தப் பக்கம் போ” என்றாள் அம்மா. அங்கும் இறக்கினாள். பிறகு தான் எப்போதும் சிப்பி எடுக்கும் இடத்தில். அங்கே எண் இன்னும் ஒன்று கூடுதலாக நின்றது. அம்மா கேபிளை ஈரத்தோடு மகள் மடியில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகள் முப்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கரைக்கு வருவதற்குள் சிவப்பு டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பசை விரலில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

படகிலிருந்து இறங்கும்போது அம்மா சொன்னாள். “எங்களை நிறுத்துறதுக்கு உடனே வந்துடுவாங்க. ஷட்டரைத் தூக்க மாட்டாங்க. தூக்கலைன்னா நாங்க அத்தனை பேரும் உன் ஆபீஸ் வாசல்ல வந்து உட்காருவோம்.”

“நானும் வந்து உட்காருறேன்மா.”

“நீ எதுக்கு வாசலுக்கு? வாசல்ல கத்த நாங்க இருக்கோம். நீ உள்ள இருந்து கத்து. அங்கதான் உன்னை விட்டா நமக்கு ஆள் இல்ல.”

சொல்லிவிட்டு, சேற்றுக் காலோடு விறுவிறுவென்று நடந்தாள். கோபம் தணியவில்லை என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.