உட்கார்ந்திருப்பவளைத் தூக்கிய சொல்

தீவு ஒன்றின் கொஹாலா கரையில் அந்தக் கல்லைக் கிரேன் நாலடி தூக்கிய செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, பதினோரு மைல் தள்ளி மூன்றாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நொஹேயா என்ற சிறுமி பெஞ்சை விட்டு எழும்பித் தரையிலிருந்து நாலடி உயரத்தில் நின்றாள். பென்சில் கையிலேயே இருந்தது. டீச்சர் வருகைப் பதிவேட்டில் ‘வந்திருக்கிறாள்’ என்றே குறித்தார். கண்ணெதிரே இருப்பவளை வேறு எப்படிக் குறிப்பது. அதே நேரத்தில் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் பழைய சமாதிகள் முப்பத்தேழு, அடியில் யாரோ முதுகு கொடுத்ததுபோல ஒரு சாண் புடைத்தன. அதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

கல்லுக்குப் பெயர் உண்டு: வஹினே நோஹோ, உட்கார்ந்திருப்பவள். பழைய கோயிலின் கடல்பக்கச் சுவரோரம், யாரும் எண்ணிப் பார்க்காத காலமாக உட்கார்ந்திருந்தாள். கோயில் என்றால் கூரையோ கதவோ கிடையாது. கருங்கல்லை அடுக்கிய மேடை, அவ்வளவுதான். சொகுசு விடுதி கட்ட வந்தவர்கள் ஒரு நிபுணரைக் கூட்டிவந்தார்கள், அவர் அதை மாட்டுப்பட்டிச் சுவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஊரார் பதாகை பிடித்துப் பதினெட்டு நாள் சாலையோரம் நின்றார்கள். பத்தொன்பதாம் நாள் அவர்களில் பாதிப் பேருக்கு அதே விடுதியில் வேலை கிடைத்தது. நொஹேயாவின் அப்பா மகோவாவுக்குக் கிரேன் ஓட்டும் வேலை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தக் கரையில் வேறு கிரேனும் இல்லை.

கல் வர மறுத்தது. மூன்று நாளில் நாலு சங்கிலி அறுந்தது. இப்படிப்பட்ட கல் கேட்டால் வரும், கேட்காமல் தொட்டால் மலையாய்க் கனக்கும் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வெளியூர்க்காரரான மேற்பார்வையாளருக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். “ஒங்க ஆளுங்க ஏதோ சொல்லிக் கேப்பாங்களாமே, கேட்டுத் தொலைய்யா” என்றார். மகோவா தலைக்கவசத்தைக் கழற்றி, சடங்குக்கு எடுக்கும் கீ செடியின் இலையில் உப்பை மடித்துக் கல்லின் காலடியில் வைத்து, குனிந்து, “ஹெலே காக்கோ” என்றான். வா, நாம் போகலாம் என்று அர்த்தம். கல் பஞ்சுமூட்டையாக எழும்பியது. வேலையாட்கள் கைதட்டினார்கள்.

தவறு அந்தச் சொல்லில்தான் இருந்தது. அந்த மொழியில் ‘நாம்’ ஒன்றல்ல. நீயும் நானும் மட்டும் என்றால் காவுவா. நீ, நான், நம்மைச் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் என்றால் காக்கோ. எதிரில் நிற்பவரை விட்டுவிட்டுச் சொல்லும் ‘நாங்கள்’ தனி. முன்னோர்கள் கல்லிடம் பேசும்போது அளந்துதான் பேசினார்கள். இப்போதோ காக்கோ என்ற சொல் அங்காடிப் பையில், வங்கி வாசலில், விடுதி அலுவலகச் சுவரில் எங்கும் ஒட்டிக் கிடக்கிறது. ஒட்டினவர்களுக்கு அது வெறும் வணக்கம் மாதிரி. கல்லுக்கு அப்படி இல்லை. அதைச் சேர்ந்தவர்கள் என்றால் யாருடைய தொப்புள்கொடியெல்லாம் அதன் குழிகளில் இருக்கிறதோ அவர்கள். கொடி உதிர்ந்ததும் குழி பார்த்து வைத்துக் கூழாங்கல்லால் அடைத்துவிட வேண்டும். எலி தூக்கிப்போனால் பிள்ளை திருடனாகும், கல் வைத்துக்கொண்டால் கல்லளவு ஆயுள். ஆஸ்பத்திரிப் பிரசவம் வந்தபின் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று, அப்படிப் பிறந்த மகோவாவின் கொடியும் அங்கே இல்லை. கொடி வைத்தவர்களில் முப்பத்தேழு பேர் சமாதியில் இருந்தார்கள். உயிரோடு இருந்தது ஒருத்தி.

அன்று மாலை லாரியில் கல் போன உயரத்திலேயே நொஹேயா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவளுடைய அம்மா உலுவெஹி அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தாள், லாரித் தட்டின் உயரம் என்ன என்று மகோவாவைக் கேட்டாள், பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“என்ன சொல்லிக் கேட்ட?”

“காக்கோன்னு.”

“யார் யாரு அந்தக் காக்கோ?”

“எல்லாரும்தான். ஆபீஸ்ல செவரு பூரா அப்படித்தான ஒட்டியிருக்காங்க. மரியாதையா இருக்கட்டுமேன்னு சொன்னேன்.”

“இவ கொடிய வெச்சுக் குழிய அடைச்சது யாரு? பக்கத்து வீட்டுக்காரனா?”

அவன்தான் அடைத்தான். எட்டு வருடத்துக்கு முன் தன் கையாலேயே கூழாங்கல் பொறுக்கி அடைத்தான். அதைத்தான் மறந்திருந்தான். மறதிக்கு மருந்து கிடையாது என்பார்கள், மகோவா அதற்குப் பிறகு மூன்று நாள் சாப்பிடவில்லை.

கல்லை விடுதியில் முதலில் கட்டி முடித்த வரவேற்புக் கூடத்தில் மூன்றடி பீடத்தில் வைத்தார்கள். நொஹேயா மூன்றடியில் நின்றாள். அதற்குப் பழகிக்கொள்ள முடிந்தது. இடுப்பில் படகுக் கயிறு கட்டிப் பள்ளிக்கு இழுத்துப் போனார்கள், காற்று நாளில் பையில் கல் போட்டு அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி லெயிமோமி, “ஒனக்கென்னடி, ஒட்டடை அடிக்க வீட்டுலயே ஆள் இருக்கு” என்று கேலி செய்துவிட்டு, தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். உலுவெஹி அரசு அலுவலகத்துக்கு ஒன்பது தடவை நடந்தாள். குமாஸ்தா நல்ல மனுஷன், விண்ணப்பத்தை முழுக்கப் படித்தான். “புள்ள எவ்வளவு ஒயரத்துல இருந்தாலும் கல்லு தனியார் எடத்துல இருக்கேம்மா” என்றான். பத்தாவது தடவை போனபோது அவனுக்கு வேறு ஊர் மாற்றலாகியிருந்தது.

அடுத்த வருடம், கல்லைத் தடவினால் குழந்தை பிறக்கும் என்று விருந்தாளிகளிடையே பேச்சுப் பரவி, கூட்டம் வழியை அடைத்ததால், அதை ஏழாம் மாடி மொட்டைமாடித் தோட்டத்துக்கு ஏற்றினார்கள். காக்கோ கேட்டு ஒரு முறை கிளம்பிய கல் அதற்குப் பிறகு யார் கைக்கும் வந்தது, விடுதி எல்லைக்குள் எங்கே வைத்தாலும் போயிற்று. நொஹேயா தொண்ணூறு அடிக்குப் போனாள். மூன்று கயிறுகளை மாமரத்தில் கட்டி, வாளியில் சேம்புக்கூழும் கருவாடும் மேலே அனுப்பினார்கள். பாதி நாள் வாளி தொடாமலே திரும்பி வந்தது. மழை அவள்மேல் முதலில் பெய்து பிறகுதான் கீழே வந்தது. “அம்மா, இங்க ஒண்ணுமே இல்லம்மா, பேச ஆளில்ல” என்று கத்துவாள். உலுவெஹி மரத்தடியில் நின்று கழுத்து நரம்பு புடைக்கப் பதில் கத்துவாள். பிள்ளை மெலிந்துகொண்டே வந்தது, கயிற்றின் இழுப்பில் அது தெரிந்தது. பெற்ற வயிறு பற்றி எரியும் என்று சொல்வார்களே, உலுவெஹிக்கு அது வெறும் பேச்சாக இல்லை, இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டே நடந்தாள்.

அப்போதுதான் உத்தரவு வந்தது. விடுதி முதலாளிகளுக்குக் கண்டத்தில், கடலுக்கு அந்தப்பக்கம், புதிய தலைமை அலுவலகம், அதன் பதினாலாம் மாடியில் கல்லை வைக்கப் போகிறார்கள், விமானத்தில் போகும். விமானம் ஆறரை மைல் உயரத்தில் பறக்கும் என்று உலுவெஹி பள்ளிக்கூட டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்த உயரத்தில் மூச்சு இருக்குமா என்றும் கேட்டாள். டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்து மூடினார்.

ஆனால் தீவை விட்டுப் போவது என்றதும் கல் மறுபடியும் அசையவில்லை. கிரேன் இறுகியது, மொட்டைமாடியில் விரிசல் விட்டது. மகோவாவைக் கூப்பிட்டார்கள். இந்த முறை கிரேனில் வேறு ஆள். “கேளு. வரலேன்னா நாளைக்கு ரம்பம் வருது, நாலு துண்டாப் போட்டு எடுத்துக்குறோம்” என்றார் மேற்பார்வையாளர். கேட்டால் பிள்ளை வானத்துக்கு; கேட்காவிட்டால் கொடி இருக்கும் குழியின் நடுவே ரம்பம். மகோவா கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தான். விருந்தாளிகள் நீச்சல் குளத்தோரம் அன்னாசிச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். கால்மணி நேரம் கழித்து மனைவிக்குப் போன் போட்டான்.

“மெத்தையெல்லாம் எடுத்து மாமரத்தடியில போடு.”

“எதுக்கு?”

“போடுன்னா போடும்மா.”

பிறகு கீ இலையை மடித்து வைத்து, நெற்றியைக் கல்லில் வைத்து, “ஹெலே காவுவா” என்றான். நீயும் நானும். வேறு யாரும் இல்லை.

நொஹேயா மூன்று நிமிடத்தில் இறங்கினாள். ஈரப்பலா இலை உதிர்வதைப் போல நிதானமாக. மெத்தை தேவைப்படவில்லை. கால் தரையில் பட்டதும் அதன் கனம் தாங்காமல் உட்கார்ந்துகொண்டாள். சமாதிகள் அமுங்கின. விடுதியில் கல்லும் மகோவாவும் மொட்டைமாடிச் சுவரைத் தாண்டி, பக்கத்தில் பக்கத்தில், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி கீழே வந்தார்கள். கல்லை விமான நிலையத்துக்குப் போகும் லாரியில் ஏற்றினார்கள். விஷயம் தெரிந்து லாரி எடுத்துக்கொண்டு ஓடிவந்த உலுவெஹி நெடுஞ்சாலையோரம் நாலடி உயரத்தில் நின்றிருந்த புருஷனைப் பார்த்தாள். ஓங்கி ஓர் அறை விட்டாள். அப்புறம் அவன் பெல்ட்டில் கயிறு கட்டி வீடுவரை இழுத்துவந்தாள், வழிநெடுக அழுதாள்.

மறுநாள் காலை பத்தரைக்கு விமானம். சூரை பிடிக்கும் படகுக்காரர்கள் இருக்கிற தூண்டில் வடத்தையெல்லாம் கொண்டுவந்து முடிச்சுப் போட்டு ஏழு மைல் நீளம் ஆக்கினார்கள். கம்பளி, தண்ணீர், நீர்மூழ்கிக்காரன் ஒருவனுடைய காற்றுக் குடுவைகள் எல்லாம் அவன் உடம்பில் கட்டினார்கள். பத்து முப்பத்தாறுக்கு வடம் ஓட ஆரம்பித்தது. ஆளை முதலில் கண் விட்டது, பிறகு வடத்தின் மேல்முனையையும் விட்டது. ஊர் முழுக்க முறை வைத்து ஐந்து மணி நேரம் பிடித்தார்கள், கை பிளந்த இடத்தில் உப்பு எரிந்தது. நொஹேயா எல்லாருக்கும் கடைசியில் வடத்தின் நுனியைப் பிடித்திருந்தாள். விட மாட்டேன் என்றாள், யாரும் விடச் சொல்லவும் இல்லை. மூன்றே முக்காலுக்கு வடம் தளர்ந்தது. புருவத்தில் உறைபனியோடு மகோவா இறங்கிவந்து, நூற்றெண்பதடியில் நின்றான். 

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. அந்த அலுவலகம் மூன்று முறை கைமாறியும் கல் பதினாலாம் மாடியை விட்டு இறங்கவில்லை. மகோவா மாமரத்துக்கு மேலே நூற்றெண்பதடியில் இருக்கிறான். தாடி வெளுத்துவிட்டது. அங்கிருந்து கடலைப் பார்த்து மீன்கூட்டம் எந்தப் பக்கம் என்று கைகாட்டுகிறான். அவன் காட்டும் பக்கம் போகிற படகு வெறுமனே திரும்புவதில்லை. அங்கே மீனவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, அதனால் படகுக்காரர்களும் அவனிடம் எதுவும் கேட்பதில்லை, அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். முதல் மீன் வாளியில் மேலே போய்விடும்.

ஒன்றுமட்டும் வீட்டுக்காரர்களுக்குப் பழக வெகுநாள் ஆயிற்று. காவுவா என்று சொன்னவனுக்கு அந்தச் சொல்லை விட்டு வெளியே வர முடியவில்லை. மனைவியையும் மகளையும் சேர்த்து ‘நாம்’ சொல்ல வாய் எடுத்தாலும் வருவதில்லை. தினமும் சாயங்காலம் மேலேயிருந்து ஒரே குரல்: “நாங்க நல்லா இருக்கோம்.” நாங்கள் என்றால் அவனும் அந்தக் கல்லும். முதல் இரண்டு வருடம் அந்தச் சத்தம் கேட்கும் நேரத்தில் உலுவெஹி குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள்.

இப்போது கழுவுவதில்லை. பதினாறு வயது நொஹேயா முற்றத்துக்குப் போய், கயிற்று முடிச்சை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, அண்ணாந்து கத்துகிறாள்: “நாங்களும் நல்லா இருக்கோம்ப்பா.”