மடிக்கணினிக்குக் காய்ச்சல்

அக்கா இறந்துபோன பிறகு வந்த அந்தச் சனிக்கிழமை, அழுவதைவிட எனக்கு அவசரமாக இருந்தது வேறொன்று. அவளுடைய மடிக்கணினி ஏன் பாதியில் அணைந்துபோகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அக்கா படங்களுக்கு வசன வரிகள் எழுதுகிறவள். வேற்றுமொழிப் படத்தில் ஆள் பேசப் பேசத் திரையின் அடியில் தமிழில் ஓடுமே, அதுதான். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். அவள் எழுதிய எந்தப் படமும் என் கண்ணில் படாமல் வெளியே போனதில்லை. அதனால் அக்கா வீட்டில் எனக்குப் பெயர் கமா. கடைசியாக அவள் எடுத்துக்கொண்டது, ஒரு படகுக்காரியும் அவள் மாமியாரும் ஒரே படகில் சண்டை போட்டுக்கொண்டே காலம் தள்ளுகிற படம். முடிவுக் காட்சிகள் மட்டும் பாக்கி.

வேலை கொடுத்த ஸ்டூடியோ மேடம் போனில் பேசினார்.

“மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா திங்கக்கிழமை மத்தியானத்துக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது. வேற ஆளுக்குப் போயிடும். முடிக்கிறவங்க பேரைத்தான் கடைசியில போடுவாங்க.”

“முக்கால்வாசிக்கு மேல அக்கா பண்ணினது, மேடம்.”

“தெரியுது. அவங்க கம்ப்யூட்டர்லேர்ந்து, அவங்க ஃபைலா முழுசா வந்துட்டா அவங்க பேருதான். யாரு உக்காந்து முடிச்சீங்கன்னு நான் தோண்டித் துருவப் போறதில்ல.”

அந்த வேலைக்கான மென்பொருள் அக்காவின் கணினியைத் தவிர வேறெதிலும் திறக்காது. ஆகவே சனிக்கிழமை காலையில் அவள் அறையில், ஜன்னலோர மேஜையில் அதை வைத்துத் திறந்தேன். படம் ஓட ஆரம்பித்ததும் உள்ளே விசிறி முனகியது. பிறகு இரைந்தது. படகுக்காரி துடுப்பை ஓங்கினாள், அவ்வளவுதான், திரை பொசுக்கென்று இருண்டது. ஆறவிட்டு மறுபடி போட்டேன். அதே துடுப்பு, அதே இருட்டு. இடது மூலையில் கை வைக்க முடியவில்லை.

அந்த வீட்டின் முன்பாதி அத்தானின் பல் மருத்துவமனை. அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார்.

“என்ன கமா, ஹெலிகாப்டர் கிளப்புறியா? என் மெஷின் சத்தத்துக்கே பாதிப் பேரு வாசலோட திரும்பிடுறாங்க. இதையும் கேட்டா மீதிப் பேரும் ஓடிடுவாங்க.”

“கொதிக்குது அத்தான். தொட்டுப் பாருங்க.”

அவர் புறங்கையை வைத்துப் பார்த்தார், குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல. பிறகு என்ன தோன்றியதோ, போய்க் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து அந்த மூலையில் வைத்தார். அது எண் எதையும் காட்டாமல், ஓயாமல் கீச்சிட்டது.

“மனுஷனா இருந்தா இந்நேரம் பிதற்ற ஆரம்பிச்சிருப்பான்” என்றார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்ததை அந்த வாரத்தில் அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் அவர் வந்து வந்து போனார். நான் கணினியின் பின்பக்கத்தை இரண்டு தடித்த அகராதிகளின்மேல் ஏற்றி, அடியில் காற்று புக வழி விட்டேன். துடுப்பைத் தாண்டி ஒரு வசனம் ஓடியது, பிறகு இருட்டு. மேஜை விசிறியை நேராகத் திருப்பினேன். காகிதங்கள் பறந்தன, கணினி அசரவில்லை. திறந்து கிடந்த மற்றதையெல்லாம் மூடி, திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன். மாமியார் வாய் திறக்கும்வரை தாங்கியது. கடைசியில் பொறுமை போய், பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு அத்தான் கொடுக்கிற ஐஸ் பையை எடுத்துவந்தேன். அவர் பாய்ந்து பிடுங்கினார்.

“அறிவிருக்கா உனக்கு? சில்லுனு வெச்சா உள்ள வேர்த்துக் கொட்டும். ஒரு சொட்டுத் தண்ணி போதும், எல்லாம் முடிஞ்சிது.”

“அப்ப நீங்களே சொல்லுங்க, இது எதனால சுடுதுன்னு.”

“உள்ள சூடு உண்டாகுது, சரி. விசிறி அதை வெளிய தள்ளணும். தள்ளுதா?”

அந்தக் கேள்வி எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டது. பக்கவாட்டில் காற்று வெளியேறும் வரிசைத் துளைகளுக்கு எதிரே டிஷ்யூ காகிதத்தை நூலாகக் கிழித்துப் பிடித்தேன். விசிறி அலறியது. காகிதம் அசையவே இல்லை.

“சத்தம் இருக்கு, காத்து இல்ல” என்றேன்.

“வாய் பேசுது, வேலை நடக்கல. எங்க வார்டு கவுன்சிலர் மாதிரி.” அத்தான் சட்டைப் பையிலிருந்து, பல்லின் பின்புறம் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்தார். துளைகளுக்கு எதிரே சாய்த்து, செல்போன் விளக்கை அடித்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“கமா, பின்னால ஏதோ அடைச்சிருக்கு. நீலமா இருக்கு.”

கடைசி நோயாளி போனதும் கணினியை நோயாளி நாற்காலியில் படுக்க வைத்தோம். தலைக்கு மேல் பெரிய விளக்கு. மூக்குக் கண்ணாடி திருகும் சின்னத் திருப்புளியால் அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, வரிசை கலையாமல் தட்டில் வைத்தார். மூடி வரவில்லை.

“கொஞ்சம் பெரிசா வாயைத் திறங்க” என்றார் பழக்க தோஷத்தில். நான் சிரித்துவிட்டேன்.

மூடி டக்கென்று விட்டது. முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கினார். விசிறிக்கும், சூட்டை வாங்கி வெளியே விடும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில் ஒரு பட்டை. தூசி என்றால் சாம்பல் நிறம் என்றுதான் நினைத்திருந்தேன். இது கம்பளித் துணி வெட்டியதுபோல் நெருக்கமாக, நீலமாக இருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது முழுதாக உரிந்து வந்தது.

அக்காவின் போர்வை அந்த நிறம்தான்.

கடைசி மாதங்களில் அவளால் மேஜையில் உட்கார முடியவில்லை. நாங்கள்தான் கட்டிலில் தலையணை அடுக்கி, அதன்மேல் கணினியை வைத்துக் கொடுத்தோம். மருந்தினால் அவளுக்கு எந்நேரமும் குளிர். கணினியின் அந்த மூலையைப் போர்வைக்குள் இழுத்துக் கையை ஒட்டி வைத்துக்கொள்வாள். “சுடலையா?” என்று கேட்டால், “சுடட்டும்டி, இதமா இருக்கு” என்பாள். திரை இருண்டு கிடக்கும்போது உள்ளே போனால், “நாங்க ரெண்டு பேரும் ரெஸ்ட் எடுக்கிறோம்” என்பாள். உடம்பு முடியாமல் மூடி வைத்திருக்கிறாள் என்றே நினைத்தோம். எத்தனை முறை அவளாக நிறுத்தினாள், எத்தனை முறை அதுவாக நின்றது என்று இப்போது யாரைக் கேட்பது?

அத்தான் அந்தப் பட்டையைப் பஞ்சின்மேல் வைத்தார், பிடுங்கிய பல்லை வைப்பதுபோல.

“மிச்சத்தை ஊதி எடுத்துடலாம்” என்று நாற்காலியின் காற்றுக் குழாயைக் கையில் எடுத்தார். அந்தக் குழாயில் இரண்டு பொத்தான்கள். ஒன்று காற்று, ஒன்று தண்ணீர், சேர்த்து அழுத்தினால் சாரல். வாழ்நாளெல்லாம் வாய் கழுவிய கட்டைவிரல் அது. தன் பாட்டுக்கு இரண்டையும் அழுத்தியது.

புஸ்ஸென்று சாரல் தகடுகளில் விழுந்து, பக்கத்துப் பச்சை மின்சுற்றுப் பலகையிலும் தெறித்தது.

“ஐயோ அத்தான்!”

“பேசாத. பேசாத கமா.” அவர் கை பஞ்சைத் தேடித் துழாவியது. ஐஸ் பையை என்னிடமிருந்து பிடுங்கிய கை.

பஞ்சால் ஒற்றி எடுத்தோம். விசிறியை நான் விரலால் பிடித்துக்கொள்ள, இம்முறை காற்றை மட்டும் ஊதினார். திறந்தபடியே, மின்விசிறிக்குக் கீழே விட்டுவிட்டு வந்தோம். அன்று இருவரும் சாப்பிட்டது பேருக்குத்தான். “அவ இருந்திருந்தா என்னைக் கொன்னிருப்பா” என்று அவர் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஞாயிறு காலை மூடியைப் பொருத்திப் பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு திரை வெளுத்தது. துளைகளுக்கு எதிரே பிடித்திருந்த காகிதநூல் படபடத்தது.

துடுப்பைத் தாண்டினோம். அக்கா விட்ட இடம் வந்தது. அங்கே நான் எதிர்பாராத ஒன்று இருந்தது. வசனம் எதுவும் இல்லை, ஆனால் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று முடிவுவரை குறித்து வைத்திருந்தாள். வெறும் கட்டங்கள். கட்டத்தின் நீளம் எவ்வளவோ, அவள் மனதில் இருந்த வரியும் அவ்வளவு.

மருமகள் கரையிறங்கும் காட்சியில், படத்தோடு வந்த ஆங்கில வசனத்தின்படி, மாமியார் படபடவென்று நிறையச் சொல்கிறாள். மழை வருவதற்குள் போய்ச் சேர், நனைந்தால் உனக்கு ஆகாது, போன முறை பட்டது போதாதா என்று. அக்கா விட்டிருந்ததோ கையகலக் கட்டம். எதை எழுதினாலும் வெளியே வழிந்தது.

“என்ன நினைச்சிருப்பா?” என்றேன்.

அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காட்சியை மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும். “அவ ரொம்பப் பேசுற ஆள் இல்லையே. சண்டைன்னாகூட ரெண்டு வார்த்தைதான்.”

‘நனையாமப் போ’ என்று அடித்தேன். கட்டத்துக்குள் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

அப்படியே ஒவ்வொன்றாக நிரப்பினோம். மாலை வெயில் மேஜைக்கு வரும்போது கடைசிக் கட்டம் வந்தது. பெயர் போடும் இடம். அதற்கு மட்டும் அவள் நேரம் குறிக்கவில்லை. அவள் பெயரை அடித்தேன். கண் இமைக்கும் நேரத்தில் படித்துவிடக்கூடிய பெயர். வரி ஓடுகிற நேரத்தை இழுத்து நீட்டினேன். இன்னும் கொஞ்சம். கட்டத்தின் ஓரம் சிவந்தது.

“ஏன் சிவக்குது? மறுபடி சூடா?”

“இல்ல அத்தான். அளவுக்கு மேல நேரம் நிக்குதாம். குறைக்கச் சொல்லுது.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது சொல்லும். நீ அனுப்பு.”

அனுப்பினேன்.